மந்திரம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், 1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூன்று சிறு கைந்நூல்கள் அடங்கிய பெட்டியொன்று பத்து டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அச்சிடப்பட்டவை ஆயிரம் பெட்டிகள். அதனை எழுதியவர்களுள் ஒருவரான கரி கைகக்ஸ், சிகாகோவில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை பார்த்து, அவ்வேலை போன பின்னர் வீட்டில் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். மற்றவர் டேவ் ஆர்னிசன், மினசோட்டா மாநிலத்தவர். 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, நடுவர் ஒருவர் விரிக்கும் கதையுள் நுழைந்து, ஐயம் வருமிடத்துப் பகடை உருட்டி முடிவுகாணும் விளையாட்டு அது. பலகையும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. ஒரு பேச்சுத்தான், சில எண்கள்தான்.

இவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வணிக வளர்ச்சியையே எழுதுகின்றனர். என்னை ஈர்த்தது வேறொன்று. ஆடுவோர் தாமே புதிய மந்திரங்களைச் சமைத்து ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஹோம்புரூ' என்று பெயர். வீட்டில் காய்ச்சிய மது என்பது அதன் நேர்ப்பொருள். நம் நாட்டவருக்கு அச்சொல்லைக் கேட்டதும் கசிப்பு நினைவுக்கு வரும். கசிப்பென்றால் பொலிசாரும் நினைவுக்கு வருவர். அந்த நினைவு முற்றிலும் பொருத்தமற்றதன்று என்பது பின்னர் விளங்கும்.

முதலில் ஒரு தெளிவு. அந்த 1974 ஆம் ஆண்டு நூலில் இருந்த மந்திரங்களே வீட்டில் காய்ச்சியவைதாம். அவற்றுள் புகழ்பெற்றதான தீக்கோளத்தை எடுத்துக்கொள்வோம். கைகக்ஸ், ஜெஃப் பெரென் என்பவருடன் சேர்ந்து 1971 இல் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டார். இடைக்காலப் படைகளைச் சிறு பொம்மைகளால் மேசையில் மோதவிடும் விளையாட்டு அது. அதன் இறுதியில் கற்பனைப் போருக்கென ஒரு பின்னிணைப்பு உண்டு. அங்கே மந்திரவாதி தீக்கோளமும் மின்னலும் எறிவான். தீக்கோளம் எவ்வளவு பரப்பைத் தாக்கும்? பெரிய கவண்பொறி தாக்கும் பரப்பளவு. மின்னல்? கனரகப் பீரங்கி தாக்கும் பரப்பளவு. அதாவது, பீரங்கியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு நீண்ட அங்கியும் கூரான தொப்பியும் அணிவித்தால் மந்திரவாதி. அதற்கும் ஓராண்டு முன்னரே, 1970 இல், லெனார்ட் பாட் என்பவர் டோல்கீனின் கதையுலகுக்கென எழுதி வெளியிட்ட விதிகளில் தீக்கோளம் இருந்ததை, இத்துறை வரலாற்றாசிரியர் ஜோன் பீற்றர்சன் பின்னாளில் எடுத்துக்காட்டினார். ஆகவே முதன்மந்திரத்தின் ஊற்று எதுவென்று தேடப் புகுந்தால், ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்குப் போகும் பாதையே தெரிகின்றது.

மந்திரம் எவ்வாறு தீர்ந்துபோகும் என்ற கேள்விக்கு விடை நாவல் உலகிலிருந்து வந்தது. ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950 இல் வெளியிட்ட 'த டையிங் ஏர்த்' என்ற நூலில், மந்திரவாதி சில மந்திரங்களையே ஒரே வேளையில் மனத்துள் அடக்கிவைக்க முடியும். உச்சரித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மீண்டும் ஏட்டைப் பார்த்துப் படித்தாக வேண்டும். நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நம்மவர் நம்பிக்கையில் மந்திரம் உருவேற்ற உருவேற்ற வலுக்கும். இலட்சம் உருச் சொன்னவனுக்குச் சித்தியாகும். வான்ஸின் மந்திரமோ ஒருமுறை சொன்னதும் சுட்ட வெடியாகிவிடும். கைகக்ஸுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இலக்கியச் சுவை மட்டுமன்று. துப்பாக்கிக்கு எத்தனை ரவை என்று எண்ணிப் பழகிய போர்விளையாட்டுக்காரருக்கு, மந்திரத்தையும் ரவைபோல் எண்ண வழி கிடைத்துவிட்டது. முதற்படி மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரேயொரு மந்திரம். அதனைச் சுட்டுவிட்டால் எஞ்சிய பொழுதெல்லாம் அவன் கத்தியொன்று ஏந்திய மெலிந்த மனிதன், அவ்வளவே. ஆர்னிசனின் வீட்டு ஆட்டத்தில் இம்முறை இருக்கவில்லை. அவரது மந்திரவாதிகள் மூலப்பொருள்களைச் சேர்த்து மந்திரத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்வர் என்பதை 1977 இல் வெளியான அவரது நூலிலிருந்து அறியலாம். ஒரே நூலின் இரு ஆசிரியர்களும் இருவேறு மந்திர நூல் வைத்திருந்தனர்.

ஆர்னிசனின் அந்த ஆட்டத்துக்குப் 'பிளக்மூர்' என்று பெயர். புதிய ஆற்றலொன்று எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு அங்கு நிகழ்ந்ததைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் ஒருவரது பாத்திரம் இரத்தம் குடிக்கும் பேயாக மாறி, 'சேர் ஃபாங்' என்ற பெயரில் உலவத் தொடங்கிற்று. நாளடைவில் அதனை எதிர்த்து நிற்க எவராலும் இயலவில்லை. நடுவர் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் அப்பேயை அழித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஆட்டம் அன்றோடு செத்திருக்கும். வளர்ந்தவனைத் தண்டிக்கும் நடுவரிடம் யாரும் மறுவாரம் வரமாட்டார்கள். அதற்குப் பதிலாகக் குழுவிலிருந்த இன்னொருவருக்கு ஊர்ப் பாதிரியார் வேடம் கொடுக்கப்பட்டது. பிரித்தானிய ஹாமர் நிறுவனத்தின் டிராகுலாப் படங்களில் பீற்றர் குஷிங் சிலுவையேந்தி இரத்தக்காட்டேரியைத் துரத்துவாரல்லவா? அந்த ஆற்றல் இப்பாதிரியாருக்கு வந்தது. ஒருவர் அளவுமீறி வளர்ந்ததால் ஏற்பட்ட சிக்கலுக்கு, ஒரு வெள்ளிக்கிழமைத் திரைப்படத்திலிருந்து மருந்து எடுத்திருக்கின்றனர்.

அம்மருந்து 1974 இல் அச்சேறியபோது அதற்கு அளவும் வந்துவிட்டது. முதற்படிப் பாதிரியார் இரு ஆறுமுகப் பகடைகளை உருட்டவேண்டும். ஏழோ அதற்கு மேலோ விழுந்தால் எலும்புக்கூடுகள் ஓடும். நடைப்பிணத்துக்கு ஒன்பது, பிணந்தின்னிக்குப் பதினொன்று. இரத்தக்காட்டேரியை விரட்டும் எண்ணமே அவருக்குக் கூடாது. அதே நூலில் அப்பாதிரியாருக்கு முதற்படியில் மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாம் படியில்தான் தொடங்கும். ஆற்றலைக் கொடுத்த கை, அதன் எல்லையையும் உடனே வரைந்துவிட்டது. எதனை ஆக்குகின்றோம் என்பதைவிட எங்கே நிறுத்துகின்றோம் என்பதில்தான் இக்கலையின் கைத்திறன் தெரிகின்றது.

புதிய மந்திரம் ஆக்கும் உரிமையை அந்நூல் ஆடுவோருக்கே வழங்கியிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆட்டத்திலுள்ள மந்திரவாதியே ஆய்வு செய்து மந்திரம் கண்டுபிடிக்கலாம். முதற்படி மந்திரத்துக்கு அடிப்படைச் செலவு 2,000 பொற்காசு. இரண்டாம் படிக்கு 4,000. இவ்வாறு இரட்டித்து ஆறாம் படிக்கு 64,000. அத்தொகையை ஒருமுறை செலவிட்டால் வெற்றிவாய்ப்பு நூற்றுக்கு இருபது. ஐந்து மடங்கு கொட்டினால் வெற்றி உறுதி. ஆகவே 10,000 பொற்காசும் ஒரு வாரமும் இருந்தால் முதற்படி மந்திரமொன்று கையில். விதிநூலிலேயே விதிநூலுக்கு வெளியே போகும் கதவு திறந்திருந்தது. மூன்றாம் கைந்நூலின் முடிவுரையோ, உங்களுக்காக நாங்கள் இன்னும் எதற்குக் கற்பனை செய்யவேண்டும் என்ற தொனியில் ஆடுவோரைத் தட்டிக்கொடுத்தது.

அவர்கள் கேட்டுக்கொண்டனர், மிக நன்றாகவே கேட்டுக்கொண்டனர். லொஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 1975 யூனில் 'அலாரம்ஸ் அன்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். எழுதுவோர் அனுப்பும் பக்கங்களை அப்படியே ஒன்றாகக் கோத்துத் தபாலில் அனுப்பும் கூட்டிதழ் அது. எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளருக்கு ரோனியோ மையின் வாசனையோடு தொடங்கிய சிற்றிதழ்கள் பலவற்றைத் தெரியும். பெரும்பாலானவை நான்காம் இதழைக் கண்டதில்லை. கோல்ட் அம்மையாரின் இதழ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வந்தது. அதன் பக்கங்களில் புது மந்திரங்களும், இருந்த மந்திரங்கள் பற்றிய சண்டைகளும் நிறைந்திருந்தன. தொடக்க இதழொன்றிலேயே கைகக்ஸ் கடிதம் எழுதினார். தமது ஆட்டமும் ஆர்னிசனின் ஆட்டமும் அச்சிட்ட விதிகளோடு ஒத்துப்போவதில்லை என்றும், எல்லோரும் ஒரேமாதிரி ஆடத் தொடங்கும் நாளில் இவ்விளையாட்டு சலித்துப்போய்விடும் என்றும் அதில் அவர் கருத்துத் தெரிவித்திருந்தார். இந்தக் கடிதத்தை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

அதே 1975 இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரைச் சேர்ந்த கென் செயின்ற் ஆன்ட்ரே, இந்த ரவைக் கணக்குப் பிடிக்காமல் 'டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ்' என்ற வேறொரு விளையாட்டையே எழுதிவிட்டார். அதில் மந்திரவாதி தன் உடல்வலிமையிலிருந்து விலை கொடுக்கின்றான். மந்திரம் சொல்லச் சொல்லக் களைத்து விழுவான். எனக்குத் தனிப்பட்ட முறையில் இதுவே நியாயமாகப் படுகின்றது. பின்னர் 1987 இல் ஜொனத்தன் ட்வீற், மார்க் ரைன்-ஹேகன் இருவரும் வெளியிட்ட 'ஆர்ஸ் மாஜிக்கா' வேறு திசையில் சென்றது. ஆக்கு, அறி, மாற்று, அழி, ஆள் என ஐந்து வினைகள். நெருப்பு, நீர், உடல், மனம் முதலாகப் பத்துப் பொருள்கள். எல்லாம் இலத்தீன் மொழியில். வினையொன்றையும் பொருளொன்றையும் புணர்த்தினால் மந்திரம். ஐம்பது புணர்ச்சிகள். மந்திரப் பட்டியலுக்குப் பதிலாக மந்திர இலக்கணம். நன்னூல் படித்தவர்களுக்கு இதன் அழகை விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் புதிதாக ஆக்குவோர் அனைவரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்றுண்டு. அது மொழி. 'மாஜிக் மிசைல்' என்ற சிறு மந்திரம் 1975 இல் 'கிரேஹோக்' துணைநூலில் வந்தபோது, மந்திர அம்புக்கு ஒப்பானது என்று மட்டும் விவரிக்கப்பட்டிருந்தது. அம்பென்றால் குறி தவறுமா, தவறாதா? குறி பார்க்கப் பகடை உருட்டவேண்டுமா? நூல் சொல்லவில்லை. வேண்டும் என்றது 1977 ஆம் ஆண்டின் எளிய பதிப்பு. வேண்டாம், தானாகவே படும் என்றது 1978 ஆம் ஆண்டின் விரிந்த பதிப்பு. ஒரு வாக்கியம் குறைந்ததால் ஊருக்கு ஊர் வழக்கு. தீக்கோளத்துக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கை. அது சுவரில் மோதினால் நெருப்பு நின்றுவிடுமா என்ற கேள்விக்கு, ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை அது நிரப்பியே தீரும் என 1978 ஆம் ஆண்டு நூல் விடையிறுத்தது. குறுகிய சுரங்கப்பாதையில் அதனை எறிந்த மந்திரவாதிகள் பலர், கேத்திரகணிதம் தெரியாத காரணத்தால் தம் தோழர்களோடு கருகினர்.

ரொறன்ரோவில் வாழும் என் உறவுக்காரப் பையன் ஒருவன் இந்த ஆட்டத்தில் மூழ்கியவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் 'உப்புக்காற்று' என்று தானே ஒரு மந்திரம் ஆக்கியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னான். மூன்றாம் படி மந்திரம். இருபது அடி ஆரத்துள் நிற்போர் அனைவருக்கும் எட்டு ஆறுமுகப் பகடைச் சேதம். அதோடு கண்ணும் தெரியாமற் போகும். நண்பர்கள் அது அநியாயம் என்றனராம். "பெரியப்பா, தீக்கோளமும் மூன்றாம் படிதானே, அதற்கும் எட்டுப் பகடைதானே" என்பது அவன் வாதம். இந்த வாதத்தில் ஒரு பொறி இருக்கின்றது. 2014 ஆம் ஆண்டின் நடுவர் நூலில் புதிய மந்திரம் ஆக்குவோருக்கென ஓர் அட்டவணை உண்டு. மூன்றாம் படி மந்திரம் ஒருவரை மட்டும் தாக்குமாயின் ஐந்து பத்துமுகப் பகடை. பலரைத் தாக்குமாயின் ஆறு ஆறுமுகப் பகடை. சராசரிக் கணக்கில் இருபத்தொன்று. தீக்கோளத்தின் எட்டுப் பகடைக்குச் சராசரி இருபத்தெட்டு; அந்த அட்டவணைப்படி அது ஐந்தாம் படி மந்திரத்துக்குரிய அளவு. அதாவது தீக்கோளம் தன் சொந்த நூலின் விதியையே மீறி நிற்கின்றது. பழைய கவண்பொறியின் மதிப்புக் குறையக்கூடாதென வேண்டுமென்றே விட்டுவைத்த சலுகை அது. சலுகையை அளவுகோலாகக் கொள்பவன் சலுகைக்கு மேலும் சலுகை கேட்பான். பையன் இறுதியில் சேதத்தை நான்கு பகடையாகக் குறைத்து, கண் தெரியாத நிலையை ஒரு சுற்றோடு முடித்துக்கொண்டான். நண்பர்கள் ஏற்றனர். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்களாம், அவன் மறுத்துவிட்டான். அவனது பாட்டனார் காங்கேசன்துறையில் பிறந்தவர்.

பெயர்கள் பற்றியும் சொல்லவேண்டும். லேக் ஜெனீவாவின் வீட்டு ஆட்டங்களில் ஆடியவர்களின் பெயர்களே பல மந்திரங்களில் ஒளிந்துள்ளன. 'டென்சரின் மிதக்கும் தட்டு' என்ற மந்திரத்திலுள்ள டென்சர், கைகக்ஸின் மூத்த மகன் எர்னெஸ்டின் பெயரெழுத்துகளை மாற்றி அடுக்கியது. 'ட்ரோமிஜ்' என்பது ஜிம் வார்ட் என்ற பெயரைப் பின்னிருந்து வாசித்தது. இளைய மகன் தன் பாத்திரத்துக்குப் பெயர் வைக்காமல், ஆண், எல்ஃப் இனம் என்பதைக் குறிக்க எழுதியிருந்த சுருக்கமே 'மெல்ஃப்' என்ற பெயராகி, 'மெல்ஃபின் அமில அம்பு' என்று அச்சிலும் ஏறிவிட்டது.

விளையாட்டு பெருந்தொழிலானபோது நிலைமை மாறிற்று. கைகக்ஸின் ரி.எஸ்.ஆர். நிறுவனம் 'அட்வான்ஸ்ட்' என்ற அடைமொழியோடு புதிய நூல்களை 1977 முதல் வெளியிட்டது. அவற்றுக்குத் தமக்கு உரிமைப்பங்கு கிடைக்கவில்லை என ஆர்னிசன் 1979 இல் வழக்குத் தொடுத்தார். 1981 இல் அது இணக்கத்தில் முடிந்தது. அந்த 1979 இலேயே கைகக்ஸ் எழுதிய நடுவர் நூலும் இதழ்க் கட்டுரையும், ஆட்டம் எங்கும் ஒரேசீராக இருக்கவேண்டும் என வலியுறுத்தின. நான்காண்டுகளுக்கு முன் கோல்ட் அம்மையாரின் இதழுக்குக் கடிதம் எழுதிய அதே கை. மனிதர் மாறிவிட்டார் என்று சிலர் எழுதுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆயிரம் பெட்டி விற்பவனின் நலனும் இலட்சக்கணக்கில் விற்பவனின் நலனும் வேறு வேறு.

இணையம் வந்தபின் முறுகல் முற்றிற்று. ஆடுவோர் தாம் ஆக்கிய மந்திரங்களைக் கணினி வலையில் பகிரத் தொடங்க, அவற்றைத் தாம் உரிமம் வழங்கிய ஒரு தளத்தில் மட்டுமே இடலாம் என 1994 இல் ரி.எஸ்.ஆர். அறிவித்தது. கசிப்புக்காரரைப் பிடிக்கப் பொலிசார் வந்துவிட்டனர். அமெரிக்கச் சட்டப்படி விளையாட்டின் முறைமைக்குப் பதிப்புரிமை இல்லை. அதனை விவரிக்கும் சொற்களுக்கே உண்டு. ஆனால் வழக்கறிஞரை அமர்த்திச் சட்டம் பேச எந்தப் பள்ளி மாணவனிடம் பணமிருந்தது? நிறுவனம் நொடித்து 1997 இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் வசம் போயிற்று. புதிய உரிமையாளர்கள் 2000 இல், ரையன் டான்சி என்பவரின் முயற்சியால், திறந்த உரிமமொன்றை வெளியிட்டனர். அடிப்படை விதிகளை எடுத்து எவரும் புதுநூல் எழுதலாம், விற்கலாம். வீட்டில் காய்ச்சியதற்கு அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது. அதனை நம்பிச் சிறு பதிப்பகங்கள் பல எழுந்தன.

அந்த உரிமத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட' என்றொரு சொல் இருந்தது. உரிமத்தின் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்பது வாசகம். இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை. 2023 ஜனவரி 5 அன்று, கிஸ்மோடோ இணைய இதழில் லின்டா கொடேகா என்ற செய்தியாளர், கசிந்த வரைவொன்றை வெளிக்கொணர்ந்தார். பழைய உரிமம் இனி அங்கீகரிக்கப்பட்டதன்று எனவும், ஆண்டு வருமானம் 750,000 டொலரைத் தாண்டுவோர் மேலதிகத்தில் நூற்றுக்கு இருபத்தைந்துவரை செலுத்தவேண்டும் எனவும் அவ்வரைவு கூறிற்று. 'மாஜிக் மிசைல்' வாக்கியத்துக்கு நேர்ந்த அதே விபத்து; இம்முறை பலரது பிழைப்பின்மீது. உரிமத்தை ஒருபோதும் மீளப்பெறும் நோக்கம் இருந்ததில்லை என்று டான்சியே கூறினார். நாற்பது ஆண்டுகள் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்த எனக்கு, அந்தச் சில வாரங்களைத் தொடர்ந்து படித்தது நல்ல அனுபவம். ஓர் ஆவணத்தைக் கையிலெடுத்து, வரி வரியாகப் படித்து, பொருள் விளங்க எழுதும் செய்தியாளர் ஒருவர் இருந்தால் போதும் என்பதற்கு அது சான்று. கருத்துக் கேட்ட நிறுவனத்துக்குப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமம் தொடரும் என்றதோடு, அடிப்படை விதிகள் அடங்கிய ஆவணம் முழுவதையும் கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அந்த உரிமம் மீளப்பெற முடியாதது.

கைகக்ஸ் 2008 இலும் ஆர்னிசன் 2009 இலும் காலமாகிவிட்டனர். அந்த ஆவணத்தை இறக்கிப் பார்த்தேன். தீக்கோளம் எட்டுப் பகடையோடு இருக்கின்றது. பாதிரியார் இன்றும் பிணங்களைத் துரத்துகின்றார். மிதக்கும் தட்டும் இருக்கின்றது. ஐந்நூறு இறாத்தல் பாரம் தாங்கும். டென்சரின் பெயர் மட்டும் அதில் இல்லை. அமில அம்பில் மெல்ஃப் இல்லை. 2000 ஆம் ஆண்டின் ஆவணத்திலும் அவை இருக்கவில்லை. பெயர்கள் நிறுவனத்தின் சொத்தாம். இரு மகன்மார் வீட்டு மேசையில் வைத்த பெயர்கள்.